அடுப்பு இழுக்கும் காற்று

தம்பி,

இதைத் தனியாக இருக்கும்போது படி. ஷாலினியிடம் மறைக்கச் சொல்லவில்லை. முதலில் நீ படித்துவிட்டு அவளிடம் கொடு. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நேற்றுகூட போனில் அரை மணி நேரம் பேசினோம். மண்டபம், சாப்பாடு, வாழைமரம் யார் கட்டுவது என்று எல்லாம் பேசினேன், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மனதில் பாரம் இருந்தால் உன் அப்பாவுக்கு வாயில் கோபம்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். கல்யாணம் முடிந்ததும் சிங்கப்பூரைக் காலி செய்துவிட்டு ஜெலுத்தோங்கில் இந்த வீட்டுக்குத்தான் நீங்கள் இரண்டு பேரும் வரப்போகிறீர்கள். அதற்கு முன்னால் உன் அம்மா இந்த வீட்டில் எப்படிச் செத்தாள் என்பது உனக்குத் தெரிய வேண்டும். நெஞ்சு வலி என்று உனக்குச் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை ஷாலினி கேட்ட அடுப்பை மாட்ட ஆள் வந்தபோதுதான் அந்த நம்பிக்கை போனது.

அடுப்பை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். கறுப்புக் கண்ணாடிப் பலகை, நெருப்பு கிடையாது, கரண்டில் வேலை செய்வது. நடுவில் கை அகலத்துக்கு ஒரு இரும்புச் சல்லடை. அதற்குக் கீழே விசிறி. சட்டியிலிருந்து எழும்பும் ஆவியும் எண்ணெய்ப் புகையும் மேலே போவதற்குள் அந்தச் சல்லடை வழியாகக் கீழே இழுத்துக்கொள்ளும். இழுத்ததை வடிகட்டி மறுபடியும் வீட்டுக்குள்ளேயே விடும் வகையும் இருக்கிறதாம். நான் வேண்டாம் என்றேன். நெத்திலி சம்பல் வதக்குகிற வீட்டில் வடிகட்டி என்ன செய்யும், குழாய் போட்டு வெளியே தள்ளு என்றேன். அடுப்பு மேடைக்கு அடியிலிருந்து பின்சந்து வரைக்கும் தட்டையான குழாய் போட்டார்கள். வளைவு ஒன்றுதான். அதில் எனக்கு ஒரு பெருமை. புக்கிட் தெங்கா பேக்டரியில் இருபத்தெட்டு வருடம் எனக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். தூசி நுழையக் கூடாத அறைகளில் காற்று எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்று பார்த்துக்கொள்ளும் வேலை. வெளியே போகும் காற்றுக்குச் சமமாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தே தீரும், நீ வழி விடாவிட்டால் அது தானாக ஒரு வழியைத் தேடிக்கொள்ளும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுப்பேன். அதைப் பேக்டரியில் மட்டும் சொன்னேன்.

மாட்ட வந்தவன் பெயர் குணா. சுங்கை பினாங்குப் பையன், உன் வயதுதான் இருக்கும். நான் வழக்கம்போல அவன் தலைக்கு மேல் நின்று இதை இப்படி வை, அதை அப்படி முடுக்கு என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். அவன் முகம் சுளிக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து விசிறியைப் போட்டான். ஆவி தலை குனிந்து சல்லடைக்குள் போனது. எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். அம்மா இருந்திருந்தால் இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு குணா ஜன்னல்களையெல்லாம் மூடச் சொன்னான். சாமி மேடையிலிருந்து ஒரு ஊதுபத்தி கேட்டான். அதைக் கொளுத்திக்கொண்டு சமையலறையைச் சுற்றி வந்தவன், குளியலறைச் சுவரில் சமையலறைப் பக்கமாக மாட்டியிருக்கும் கேஸ் ஹீட்டருக்கு முன்னால் நின்றான். என்னைக் குளியலறைக்குள் போய்ச் சுடுதண்ணீரைத் திறக்கச் சொன்னான். திறந்துவிட்டு வந்து பார்த்தேன். ஹீட்டரின் மேல் பக்கம் பிடித்த ஊதுபத்திப் புகை, மேலே ஏறிக் குழாய்க்குள் போக வேண்டியது, எங்கள் முகத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

"அங்கிள், இது சரியில்ல லா," என்றான். "ஹீட்டர் பொகை வெளிய போகல. பேன் அத உள்ள இழுக்குது. நெருப்பும் மஞ்சளா எரியுது பாருங்க, ரொம்ப நாளா சர்வீஸ் பண்ணலையா? இந்தப் பொகையில நாத்தம் ஒண்ணும் வராது. ஆள அடிச்சிரும்."

அவன் விசிறியை நிறுத்தினான், ஜன்னலைத் திறந்தான், ஹீட்டரை அணைத்தான். பிறகு, முன்னாடி இங்கே பேன் ஏதும் இருந்ததா என்று கேட்டான். இருந்தது, சுவரில், பெரியது, இப்போதுதான் கழற்றினேன் என்றேன். குளிக்கும்போது யாருக்காவது தலை சுற்றல், வாந்தி என்று வந்திருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன், தம்பி. ஒரு நொடிகூட யோசிக்காமல் இல்லை என்றேன்.

அந்த ஹீட்டர் எப்படி வீட்டுக்குள் வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்காது. நீ பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாய். நாம் இந்த வீட்டை வாங்கியபோது பின்கட்டு திறந்தவெளி. ஹீட்டர் வெளிச்சுவரில், வானத்துக்குக் கீழே, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. குளியலறையின் பலகைக் கண்ணாடி ஜன்னலும் அந்தப் பக்கம்தான் திறக்கும். பிறகு இந்த வரிசையில் எல்லோரும் செய்கிற மாதிரி நானும் பின்கட்டுக்குக் கூரை போட்டு, சுவர் எழுப்பி, சமையலறையை நீட்டினேன். வெளிச்சுவர் உள்சுவர் ஆகிவிட்டது, குளியலறை ஜன்னல் சமையலறைக்குள் திறப்பதாகிவிட்டது. ஹீட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. கட்ட வந்த கொந்திரேக்டர் அதை வெளியே மாற்றிவிடலாம் என்று இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொன்னபோது, காற்றைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கேட்டேன். தகரக் குழாய் ஒன்றை ஹீட்டர் தலையில் வைத்துக் கூரைக்கு மேலே விட்டால் போதும் என்று நானே முடிவு செய்தேன். அவர் அப்படியே கட்டிவிட்டுப் போனார். உன்னைவிடக் குறைவாகப் படித்தவன் உன் வீட்டில் வேலை செய்யும்போது ஒன்றைச் சொன்னால், அவனை வாயடைக்க உனக்கு நல்ல பதில் கைவசம் இருந்தால், அந்தப் பதிலைச் சொல்லாமல் அவன் காட்டும் இடத்தைப் போய்ப் பார். நான் பார்க்கவில்லை.

அதுமட்டும் என்றால்கூட அம்மா பிழைத்திருப்பாள். ஜன்னல் திறந்திருந்தால் காற்று அந்த வழியாக வந்திருக்கும். ஆனால் உன் அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்து நீ பார்த்திருக்கிறாயா? அந்தப் பழக்கத்தையும் நான்தான் உண்டாக்கினேன். கல்யாணமான புதிதில் சுங்கை பினாங்கில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தோம். போனில் குரலைக் கேட்டதுமே, இந்தியர்களா, கறி வாசம் சுவரில் ஏறிவிடும் என்று வைத்துவிடுவார்கள். கடைசியில் ஒருவர் கொடுத்தார், வாசம் வெளியே வரக் கூடாது என்ற கட்டாயத்தோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கருவாடு பொரித்தாள். மேல்மாடியில் இருந்தவர் படியில் நின்று சத்தம் போட்டார். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே திரும்பி, அவர் காதில் விழும்படியாக, ஜன்னல மூடிட்டுச் சமைக்கத் தெரியாதா உனக்கு என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அன்றைக்கு மூடிய ஜன்னலை அவள் பிறகு திறக்கவே இல்லை. சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் சட்டியை அடுப்பில் வைப்பதற்கு முன்னால் வீடு முழுக்க ஒரு சுற்று வந்து மூடிவிட்டுத்தான் தொடங்குவாள். யாருக்கடி பயப்படுகிறாய், வீட்டுக்காரனே நான்தானே என்று கேலி செய்வேன். சிரிப்பாள், ஆனால் திறக்க மாட்டாள். மூடிய வீட்டில் புகை தங்குகிறதே என்று நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் சாவதற்கு முந்தின வருடம், இருந்த விசிறியை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றை வாங்கி மாட்டினேன்.

அடையாளங்கள் இல்லாமல் இல்லை. சமைத்து முடித்துக் குளித்துவிட்டு வந்தால் தலையை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்று அவள் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு என்றேன். பனடோல் கொடுத்தேன். ஆச்சரியம் என்னவென்றால், தங்கச்சி வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்தால் தலைவலியே இல்லை என்பாள். வீட்டு வேலை செய்யாவிட்டால் தலை ஏன் வலிக்கப் போகிறது என்று நான் கிண்டல் செய்தேன். நீயே ஒரு சாட்சி. அம்மா போவதற்கு முந்தின தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள், நீ குளிக்கப் போனாய். பாதியில் கதவைத் திறந்துகொண்டு, துண்டோடு, சுவரைப் பிடித்தபடி வந்து தரையில் உட்கார்ந்தாய். வாந்தி வருகிறது என்றாய். சிங்கப்பூர் போய் ஏர்கோனில் கிடந்தால் சுடுதண்ணீர்கூட உடம்புக்கு ஆகாது என்று எல்லோருக்கும் முன்னால் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். இந்த வாரம் முழுக்க அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது. நீ அன்றைக்குக் கதவைத் திறக்க இன்னும் இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்.

அன்றைய நாளைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். சாயங்காலம் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் எனக்கு இரவுக்கு வேண்டும் என்று பாசாரில் வாங்கிய நெத்திலியைச் சம்பல் செய்தாள். ரிசப்ஷன் சாப்பாடு எனக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். வீடு மூடியிருந்தது, விசிறி ஓடியது. தலைமுடியில் சம்பல் வாசம் ஏறிவிட்டது, இப்படியே போய் நின்றால் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள் என்று, தலைக்குக் குளிக்கப் போனாள். போகும்போது, "பேன அடைக்காதீங்க, நான் குளிச்சிட்டு வர வரைக்கும் ஓடட்டும், வாசம் போகட்டும்," என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. நான் கதவை உடைத்துத் திறந்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே உயிர் இல்லை என்றார்கள். காரணம் தெரிய வேண்டுமென்றால் போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார், சின்ன வயசு டாக்டர், பொறுமையாகத்தான் சொன்னார். அவளை அறுக்க விட மாட்டேன், முழுசாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். பிரஷரும் இனிப்பு நீரும் இருந்ததற்கு அவளிடம் கிளினிக் அட்டை இருந்தது. நெஞ்சு என்று எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

நீ மறுநாள் காலை விமானத்தில் வந்து சேர்வதற்குள் அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, கல்யாணப் புடவை கட்டியிருந்தார்கள். பார்க்க வந்த ஒவ்வொருத்தியும், சுமங்கலியாகப் போகிறாள், முகத்தைப் பார், மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்றாள். உதடு அவ்வளவு சிவப்பு. நகக்கண்கூடச் சிவப்பு. சாயம் பூசினீர்களா என்று உன் சித்தி கேட்டாள். யாரும் பூசவில்லை. அந்த அழுகையிலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம் இருந்தது, என் மனைவி சாவிலும் அழகாக இருக்கிறாள் என்று. போன வெள்ளிக்கிழமை, நான் வரவழைத்த நச்சுப்புகை அலாரத்தின் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிகுறிகளைப் போட்டிருந்தார்கள். தலைவலி, தலைசுற்றல், வாந்தி, வெளியே போனால் சரியாகிவிடுவது. கடைசியில், உயிர் போனவர்களின் தோலும் உதடும் சிவந்திருக்கலாம் என்று இருந்தது. அந்தத் தாளை மடித்து அம்மா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை நான் ஒன்று செய்தேன். சந்தேகத்தோடு உனக்கு எழுதக் கூடாது என்று நினைத்தேன். பழைய விசிறியைச் சுவரில் திரும்ப மாட்டினேன். அலாரத்தைக் குளியலறை முக்காலியில் வைத்தேன். ஜன்னல்களை அம்மா மூடுகிற மாதிரியே வரிசையாக மூடினேன். சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பின்சந்துக்குப் போய் கேஸ் சிலிண்டர் தோம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன், வேண்டும்போது வெளியிலிருந்தே மூட. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தலைக்குக் குளிக்க எவ்வளவு நேரம் எடுப்பாள் என்று முப்பத்து நாலு வருடம் வாசலில் கார்ச் சாவியோடு காத்திருந்த எனக்குத் தெரியும். அதில் பாதி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே அலாரம் கத்த ஆரம்பித்தது. நான் கேஸை மூடினேன். மூடிய பிறகும் அது நிற்கவில்லை, கத்திக்கொண்டே இருந்தது. வாளி கழுவிக்கொண்டிருந்த எதிர்வீட்டு வேலைக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒன்றுமில்லை என்று கை காட்டினேன். மூன்று வருடமாகச் சமையலறையில் விசிறி ஓடவில்லை, ஏனென்றால் நான் சமைப்பதில்லை, வெளியில் வாங்கித்தான் சாப்பிடுகிறேன். அதனால்தான் உயிரோடு இருக்கிறேன். வேறு காரணம் இல்லை.

குணாவைக் கூப்பிட்டு அன்று மாலையே ஹீட்டரைக் கழற்றிவிட்டேன். யாரும் எடுத்து மறுபடி மாட்டாதபடி அதைச் சுத்தியலால் அடித்து நசுக்கித்தான் குப்பையில் போட்டேன். குளியலறைக்குக் கரண்ட் ஹீட்டர் வந்துவிட்டது. இனி இந்த வீட்டில் எரிகிற கேஸ் எதுவும் இல்லை. இருந்தாலும் ஷாலினிக்குச் சொல். அடுப்பு விசிறியைச் சட்டி சூடாவதற்கு முன்னால் போட வேண்டும், இறக்கிய பிறகும் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். சல்லடையை வாரத்துக்கு ஒரு முறை சுடுதண்ணீரில் கழுவ வேண்டும், அடியில் தேங்கும் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் பிசுக்கு ஏறித் தீப்பிடிக்கும். அடி தட்டையான பாத்திரம்தான் வேலை செய்யும், அம்மாவின் பித்தளைப் பானையில் பால் பொங்க வைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விசிறி ஓடும்போது ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். போன மாதம் வந்து பார்த்தபோது அவள் என்ன சொன்னாள் தெரியுமா? கவலப்படாதீங்க மாமா, நான் எல்லாத்தையும் மூடிட்டுத்தான் சமைப்பேன், பக்கத்து வீட்டுக்கு வாசமே போகாது என்றாள். நான் கெட்டிக்காரப் பெண் என்று பாராட்டினேன். சமையலறை ஜன்னலின் கண்ணாடிகளை நேற்றுக் கழற்றிவிட்டேன். கம்பியும் கொசு வலையும் மட்டும்தான் இருக்கிறது. மழை அடித்தால் தரை நனையும். நனையட்டும்.

இந்தக் கடிதம் இன்றே போக வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் நாம் சமையலறையை நீட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் தானும் நீட்டினார். அதே கொந்திரேக்டர். ஹீட்டரை வெளியே மாற்ற வேண்டாம், குழாய் போதும் என்று அவருக்கு அளந்து கொடுத்தவன் நான்தான். விசிறிகூட நான் சொன்ன அளவில் வாங்கினார். இது எனக்குச் சனிக்கிழமையே உறைத்திருக்க வேண்டும். இன்று காலை கோயிலுக்குப் போகச் சட்டை போடும்போது அவர் வீட்டு விசிறிச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது, அப்போதுதான் உறைத்தது. செருப்புகூடப் போடாமல் போய் அவர் கேட்டைத் தட்டினேன். கரண்டியோடு வந்தார். ஹீட்டர் ஆபத்து என்றேன். சரிங்க, அடுத்த வாரம் ஆள் வைத்துப் பார்க்கிறேன் என்று நல்லபடியாகச் சொன்னார். நான் மேலும் ஏதோ விளக்கினேன், தலையாட்டினார், சட்டி அடுப்பில் இருக்கிறது என்றார். நம்ப வைக்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"டீச்சர், என் பொண்டாட்டி நெஞ்சு வலியில சாகல. அந்த ஹீட்டர்தான். நான் வச்ச ஹீட்டர்," என்றேன்.

உனக்கு முன்னால் அவருக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதற்காக என்னை மன்னித்துக்கொள். நாளைக்குத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அவர்கள் வாயிலிருந்து நீ கேட்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு அவசரம். இதைப் படித்த பிறகு இந்த வீட்டில் வந்து இருக்க உனக்கு மனம் வராவிட்டால் எனக்குப் புரியும். கல்யாணத்தில் உன் பக்கத்தில் நான் நிற்க வேண்டாம் என்று நீ நினைத்தாலும் நான் காரணம் கேட்க மாட்டேன். அழைத்துக் கத்தவேண்டும் என்றால் கத்து, நான் திருப்பிப் பேச மாட்டேன்.

அதைக் கேட்டதும் டீச்சருக்கு முகம் மாறியது. கரண்டியைக் கையில் வைத்தபடியே வீட்டுக்குள் திரும்பி மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. பதில் வரவில்லை. ஓடிக்கொண்டே இரண்டாம் தரம் கூப்பிட்டார். அப்போதும் பதில் வரவில்லை. நானும் பின்னால் ஓடினேன். மூன்றாம் தரம் கதவைக் கரண்டியால் அடித்து அடித்துக் கூப்பிட்டார், விடவே இல்லை. உள்ளேயிருந்து, "என்னம்மா, குளிக்கிறேன்ல," என்று அந்தப் பிள்ளை எரிச்சலோடு கத்தியது. டீச்சர் அப்படியே கதவில் சாய்ந்து அழுதார். நான் அங்கே நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அம்மாவை நான் ஒரு தரம்தான் கூப்பிட்டேன், தம்பி. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்து, செய்தி முடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா